மிச்சமிருக்கும் கையிலிருந்து தொடங்குங்கள்

அத்தியாயம் 7: நரம்பு வழி இயங்கும் செயற்கைக் கையும் சிவகாசிக் கதைமாந்தரும்

எந்திரக் கை பொருத்திய ஒரு கதாபாத்திரத்தை எழுத உட்காருபவர் பெரும்பாலும் கையிலிருந்தே தொடங்குகிறார். அது என்ன உலோகம், எவ்வளவு எடை தூக்கும், எவ்வளவு வேகமாகச் சுழலும் என்று எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டு, அதை மாட்டிக்கொள்ள ஓர் ஆளைத் தேடுகிறார். அந்த ஆளுக்கு ஒரு விபத்தையும் பழிவாங்க ஒரு காரணத்தையும் கொடுத்தால் கதை தயார். இந்த அத்தியாயம் அந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்கிறது. நரம்பு வழி இயங்கும் செயற்கைக் கை எப்படி வேலை செய்கிறது என்று சற்று உள்ளே போய்ப் பார்த்தால், அதன் திறனில் மோட்டாருக்கு உள்ள பங்கு சிறியது என்பது தெரியவரும். பெரிய பங்கு, வெட்டுப்பட்ட இடத்துக்கு மேலே உடம்பில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதற்குத்தான். எந்தத் தசை பிழைத்தது, எந்த நரம்பு அறுந்தது, தோல் எப்படி ஆறியது, அந்தக் கை அதுவரை என்ன தொழில் பார்த்தது, இனி அது யார் வீட்டில் என்ன செய்தாக வேண்டும் என்ற கேள்விகளுக்கு விடை கண்டுபிடியுங்கள். அந்த விடைகள்தாம் உங்கள் கதாபாத்திரம். எந்திரம் அதற்குப் பின்னால் வரட்டும்.

ஏன் சிவகாசி

இந்தக் கருத்தைச் சோதித்துப் பார்க்க, சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்தை விடப் பொருத்தமான களம் தமிழில் இல்லை. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து, மழை பொய்க்கும் இந்தக் கரிசல் பூமி தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்ற மூன்று தொழில்களில் தன் சோற்றைத் தேடிக்கொண்டது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பேருந்தில் போகும்போது பொட்டல் காட்டுக்கு நடுவே ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டிய சிறு சிறு அறைகள் தெரியும். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பதற்காக விட்ட இடைவெளி அது. உள்ளே நடப்பதில் பெரும்பங்கு கைவேலை. காகிதக் குழல் உருட்டுவது, வெடிமருந்து செலுத்துவது, திரி வைப்பது, சரம் பின்னுவது எல்லாம் விரல் நுனிகளின் பழக்கத்தால் நடப்பவை. இந்த வேலையில் பெண்கள் ஏராளம். ஊர் முழுக்கக் கையை நம்பி வாழும் இடத்தில் ஒரு கை போவதன் பொருள், மேசை முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஊரில் இருப்பதிலிருந்து வேறுபட்டது. அந்த வேறுபாட்டைப் பிடித்தால் பாதிக் கதை கைக்கு வந்துவிடும்.

விபத்துகளைப் பற்றி எழுதும்போது நேர்மை தேவை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் உயிர்கள் போயிருக்கின்றன. நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வரும் ‘மருந்து உராய்வால் வெடிவிபத்து’ என்ற தொடரை இந்த வட்டாரத்தில் படிக்காதவர் இல்லை. ஆனால் இந்த விபத்துகளில் பெரும்பாலானவை கையை மட்டும் பறித்துக்கொண்டு போவதில்லை. மருந்துக் கலவை பற்றிக்கொள்ளும்போது அது முகத்தையும் மார்பையும் இரண்டு கைகளையும் சேர்த்துச் சுடுகிறது. பிழைப்பவர்களுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் தீத்தழும்பும் அதனால் மடங்கி இறுகிய மூட்டுகளும். ‘சிவகாசி, வெடிவிபத்து, கை போச்சு, எந்திரக் கை வந்துச்சு’ என்று நான்கு தாவலில் எழுதுபவர் முதல் தாவலிலேயே உண்மையைத் தவறவிடுகிறார்.

கை போன விதம்

ஆகவே முதலில் தீர்மானிக்க வேண்டியது கை எப்படிப் போனது என்பதை. வெடி கைக்குள் வெடித்ததா, கலவை அறையில் நெருப்பு மேலே பாய்ந்ததா என்பதைப் பொறுத்து மிச்சம் மாறும். மூடிய உள்ளங்கைக்குள் வெடி வெடித்தால் வாயு வெளியேற வழியின்றிக் கையையே கிழிக்கிறது. கட்டைவிரலும் அதற்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதையும் அதிகம் சிதையும். இங்கே ஒரு விசித்திரமான நிலை உருவாகிறது. விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை. அவை முன்கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே இருக்கின்றன. வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே இடது கையால் முன்கையைப் பற்றிப் பாருங்கள். தோலுக்கு அடியில் தசை நெளிவது தெரியும். விரல்களை மட்டும் இழந்தவருக்கு இந்தத் தசைகள் முழுதாக இருக்கும். ஆணையிடும் பகுதி நலமாக இருக்கிறது, ஆணையை நிறைவேற்ற ஆள் இல்லை. அப்படியானால் எந்திர விரல் பொருத்துவது எளிதுதானே என்று தோன்றும். நடைமுறை நேர்மாறாக இருக்கிறது. உள்ளங்கை மிஞ்சியிருப்பதால் மோட்டாரையும் பேட்டரியையும் வைக்க இடம் இல்லை. மணிக்கட்டுக்கு மேலே வெட்டுப்பட்டவருக்கு முழு எந்திரக் கை பொருத்துவதை விட இது கடினமான பொறியியல்.

நெருப்பில் போன கைக்கு வேறு கணக்கு. தசையின் மின்சாரத்தைத் தோலின் மேல் வைத்த மின்முனைகள் கேட்டால்தான் எந்திரக் கை அசையும். தீக்காயத்தின் மேல் தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோலில் வியர்வை சரிவரச் சுரக்காது, தழும்பு தடித்திருக்கும், சில இடங்களில் உராய்ந்தால் எளிதில் புண்ணாகும். காய்ந்த தடித்த தோல் மின்முனைக்கு நல்ல தொடர்பைத் தராது. அதே கையில் தோல் ஒட்டாத பகுதி சித்திரை வெயிலில் வியர்த்து ஒழுகி, செயற்கைக் கையைத் தாங்கும் சாக்கெட்டுக்குள் வழுக்கும். ஒரே கையில் ஒரு பக்கம் வறட்சி, ஒரு பக்கம் ஈரம். முழங்கையில் தழும்பு இறுகியிருந்தால், எவ்வளவு நுட்பமான கையைப் பொருத்தினாலும் அது வாய் வரைக்கும் போகாது. இந்த உடம்புக் கணக்கைப் போட்ட பிறகுதான் மாதிரி, விலை, நிறம் பற்றி யோசிக்க வேண்டும்.

ஆணை எங்கிருந்து வருகிறது

‘நரம்பு வழி இயங்கும் கை’ என்ற சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. கதையில் அவற்றைக் கலந்துவிடக் கூடாது. முதலாவது, தசை மின்சாரத்தில் இயங்கும் மயோ எலக்ட்ரிக் கை. 1940களில் ஜெர்மனியில் ரைன்ஹோல்ட் ரைட்டர் செய்து காட்டியது. 1960களிலிருந்து நடைமுறைக்கு வந்தது. தசை சுருங்கும்போது தோலின் மேல் எழும் மின்னழுத்தம் அதிகம் போனால் சில மில்லிவோல்ட். டார்ச் பேட்டரியின் 1.5 வோல்ட்டோடு ஒப்பிட்டால் அது கிசுகிசுப்பு. முன்கையின் உள்பக்கம் ஒரு மின்முனை, வெளிப்பக்கம் ஒன்று. மடக்கும் தசையை இறுக்கினால் கை மூடும், நீட்டும் தசையை இறுக்கினால் திறக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் இறுக்கினால் பிடிக்கும் விதம் மாறும். கார் கியர் மாற்றுவது மாதிரி ஒவ்வொரு அசைவையும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நினைத்த மாத்திரத்தில் ஐந்து விரலும் தனித்தனியே ஆடும் கை பெரும்பாலானோருக்கு வாய்ப்பதில்லை.

இரண்டாவது, நரம்பை இடம் மாற்றுவது. முழங்கைக்கு மேலே அல்லது தோளோடு கை போனவருக்கு முன்கைத் தசைகளே இல்லை. ஆனால் கைக்குப் போய்க்கொண்டிருந்த நரம்புகள் தோளில் அறுந்த நிலையில் இன்னும் ஆணைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் 2001இல் மின்கம்ப வேலையின்போது மின்சாரம் தாக்கி இரண்டு கைகளையும் இழந்த ஜெஸ்ஸி சல்லிவன் என்ற தொழிலாளிக்கு, சிகாகோவில் டாட் கைக்கன் குழுவினர் அந்த நரம்புகளை மார்புத் தசைகளில் கொண்டு போய் இணைத்தார்கள். ‘கையை மூடு’ என்று அவர் நினைத்தால் மார்புத் தசையின் ஒரு பகுதி துடிக்கும். அந்தத் துடிப்பை மின்முனை படித்து எந்திரக் கையை மூடும். எதிர்பாராத ஒன்றும் நடந்தது. மார்புத் தோலைத் தொட்டால், இல்லாத கையைத் தொட்டது போல அவருக்குத் தோன்றியது. உணர்வு நரம்புகளும் அங்கே வேர் விட்டிருந்தன. இதில் எழுத்தாளர் மனப்பாடம் செய்ய வேண்டிய எண் ஒன்று உண்டு. வெட்டிய நரம்பு மீண்டும் வளரும் வேகம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். அறுவை முடிந்து கண் விழித்ததும் எந்திரக் கையை உயர்த்தும் காட்சி எழுதியிருந்தால் அதைக் கிழித்துவிடுங்கள். நரம்பு தசையைப் பிடிப்பதற்கே மாதங்கள் ஆகும். உங்கள் கதைக்கு அந்த மாதங்கள் இழப்பாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் காத்திருப்பில்தான் கடன்காரர் வருவார், மகள் பள்ளியை விட்டு நிற்பாள், ஃபோர்மேன் வேறு ஆள் போட்டுவிடுவார். கதாபாத்திரம் உருவாகும் காலம் அதுவே.

மூன்றாவது, மின்முனையை நரம்புக்குள்ளேயே அல்லது மூளையிலேயே வைப்பது. 2011இல் கை கால் அசைவற்ற ஒரு பெண், மூளையில் பதித்த மின்முனைகளின் வழியாக ஓர் எந்திரக் கையை நகர்த்திக் காப்பி குடித்தார். 2013இல் சுவீடனில் எலும்புக்குள் பதித்த உலோகத் தண்டின் வழியே கம்பிகளை உள்ளே கொண்டுபோய், தசையிலும் நரம்பிலும் நிரந்தர மின்முனைகளை வைத்தார்கள். சாக்கெட்டே தேவையில்லாத இந்த வழி தீத்தழும்பு உள்ளவருக்குப் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் உலோகத் தண்டு தோலைத் துளைத்து வெளியே நிற்கும். கரிசல் புழுதியிலும் வியர்வையிலும் அந்தத் துவாரத்தைச் சீழ் பிடிக்காமல் காப்பது அன்றாட வேலை. உங்கள் கதாபாத்திரம் மாலையில் வீட்டுக்கு வந்ததும் முதலில் செய்வது அதுவாக இருக்கட்டும்.

தொடுவதை உணர்ந்த முப்பது நாள்

இந்தத் துறையின் வரலாற்றில் சிவகாசிக்கு மிக அருகில் வரும் நிகழ்வு ஒன்று இத்தாலியில் நடந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த டென்னிஸ் ஆபோ சோரன்சன் பட்டாசு வெடித்து இடது கையை இழந்தவர். இழந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2013 ஜனவரியில், ரோம் நகரின் ஜெமெல்லி மருத்துவமனையில் அவருடைய மேல்கை நரம்புகளுக்குள் மயிரிழை போன்ற மின்முனைகளைப் பதித்தார்கள். சில்வெஸ்ட்ரோ மிச்செரா தலைமையிலான பொறியாளர்கள் எந்திர விரல்களில் உணரிகளை வைத்து, அவற்றின் அளவீட்டை நரம்பு புரிந்துகொள்ளும் மின் துடிப்பாக மாற்றி அனுப்பினார்கள். கண்ணைக் கட்டி, காதை அடைத்த நிலையில், பிடித்த பொருள் உருண்டையா, கெட்டியா, மிருதுவா என்று அவர் சொன்னார். 2014 பிப்ரவரியில் அந்த முடிவுகள் வெளிவந்தன. ஆனால் அது மருத்துவப் பரிசோதனை. விதிப்படி ஏறத்தாழ 30 நாள் கழித்து மின்முனைகளை எடுத்துவிட்டார்கள். ஒன்பது ஆண்டுக்குப் பிறகு திரும்பி வந்த தொடுவுணர்வு ஒரு மாதத்தில் முடிந்தது.

இந்தச் செய்தியின் முன்னால், மனித உடம்போடு எந்திரத்தை இணைக்கும் சைபோர்க் கதைகளில் பெரும்பாலானவை வெளிறிப்போகும். உலோக முஷ்டியால் சுவரை உடைக்கும் நாயகனை விட, தொடுவதை ஒரு மாதம் திரும்பப் பெற்றுப் பிறகு இழந்த மனிதர் வாசகர் மனத்தில் நெடுநாள் இருப்பார். நம் மண்ணில் இதை வைத்துப் பாருங்கள். அதிகாலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும் பெண்ணின் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல் மெல்ல உருளும். கோலப்பொடி இழையாக இறங்கும். பொடி தீரப்போகிறதா, ஈரம் பட்டுக் கட்டிதட்டியதா என்று விரல் நுனி சொல்லும், கண் சொல்லாது. மயோ எலக்ட்ரிக் கைக்கு இது ஏறக்குறைய இயலாத காரியம். அது பொடியை இறுகப் பிடிக்கும், அல்லது கொட்டிவிடும். இடைப்பட்ட அந்த ஒழுக்குக்கு உணர்வு திரும்பி வந்தாக வேண்டும். ரசஞ்சாதம் பிசைந்து சாப்பிடுவதும் அப்படித்தான். அதோடு, பல எந்திரக் கைகளில் ஈரம் படக் கூடாது. நம்மிடம் வலக் கை சோற்றுக்கு, இடக் கை கழுவுவதற்கு. வலக் கை போனவர் பந்தியில் உட்காரும்போது என்ன செய்வார், கழுவுவதற்கு எந்தக் கை என்ற கேள்விகளை வெளிநாட்டுக் கதைகள் நமக்காகக் கேட்டு வைக்கவில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

இல்லாத கையின் வலி

கை போன பிறகும் அது இருப்பதாகத் தோன்றுவதும், அங்கே வலிப்பதும் பெரும்பாலானோருக்கு நேர்வது. இதைப் பொதுமக்களிடம் முதலில் பரவலாகக் கொண்டு சென்றது ஒரு கதை என்பதைப் புனைகதை எழுதுபவர் பெருமையோடு நினைவில் வைக்கலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்த மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல், 1866இல் பெயர் போடாமல் ஒரு சிறுகதை வெளியிட்டார். கை கால் நான்கையும் இழந்த ஓர் இராணுவ மருத்துவன் தன் கதையைச் சொல்வதாக எழுதியது அது. படித்தவர்களில் பலர் உண்மை என்று நம்பி அந்தக் கற்பனை மனிதனுக்கு உதவி செய்யவே முன்வந்தார்கள். மிட்செல் உடம்பைச் சரியாகக் கவனித்திருந்ததால்தான் அந்தக் கற்பனைக்கு அவ்வளவு வலு இருந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து அதே கேள்வியை எடுத்தவர் நம்மவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவில் ஆய்வு செய்த வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்த ஒருவரின் கன்னத்தைத் தொட்டபோது இல்லாத விரல்களைத் தொடுவதாக அவர் உணர்ந்ததைப் பதிவு செய்தார். மூளையின் வரைபடத்தில் கைக்குரிய இடத்துக்குப் பக்கத்தில் முகத்துக்குரிய இடம் இருக்கிறது. வேலையில்லாமல் கிடந்த கையின் நிலத்துக்குள் முகம் குடியேறியிருந்தது என்பது அவர் தந்த விளக்கம். இல்லாத கை இறுக மூடிக்கொண்டு நகம் உள்ளங்கையில் குத்துவதாகத் துடித்தவர்களுக்கு, அவர் ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டினார். நல்ல கையை விரித்தால், இல்லாத கையும் விரிந்தது போலச் சிலருக்கு வலி தளர்ந்தது. சந்தையில் வாங்கக்கூடிய ஒரு கண்ணாடிதான் கருவி. உங்கள் கதையில் லட்சங்கள் விலையுள்ள கை வருவதற்கு முன்னால், வீட்டு நிலைக்கண்ணாடி ஒன்று வரட்டும்.

மருந்து அறைக்குள் நுழைய முடியாத கை

இப்போது தொழிலுக்கு வருவோம். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் கலந்த மருந்துக்கு ஒரு சிறு பொறி போதும். அதனால்தான் கலவை அறையில் இரும்புக் கருவி கூடாது, நைலான் உடை கூடாது, பருத்தி உடுத்த வேண்டும் என்றெல்லாம் விதிகள். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் இறங்குவதற்காக வாசலில் செப்புத் தகடு இருக்கும். அதைத் தொட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். இந்த வாசலில் எந்திரக் கை பொருத்திய ஒருவரை நிறுத்திப் பாருங்கள். அவருடைய கைக்குள் லித்தியம் பேட்டரி இருக்கிறது, ஓடும் மோட்டார் இருக்கிறது, மேலே மின்சாரம் கடத்தாத சிலிகான் அல்லது பிளாஸ்டிக் உறை இருக்கிறது. அந்தக் கையால் செப்புத் தகட்டைத் தொட்டால் உடம்பின் மின்சாரம் இறங்காது. அவரைப் பழைய வேலைக்குத் திருப்பி அனுப்பும் என்று நினைத்து வாங்கிய கை, அந்த வேலையின் வாசலைத் தாண்டக் கூடாத பொருளாக மாறிவிடுகிறது. தோளில் பட்டை கட்டி, கம்பியை இழுத்து இயக்கும் பழைய ரகக் கொக்கிக் கை இங்கே மேலாக இருக்கலாம். அதிலும் கொக்கி இரும்பாக இருந்தால் ஆகாது. கம்பியின் இழுவிசை தோளுக்குத் தெரிவதால், எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்று மங்கலாகவேனும் அது சொல்லும் என்பது கூடுதல் ஆதாயம். எந்திரக் கை பெற்றவர்கள் எல்லாரும் அதை வைத்துக்கொள்வதும் இல்லை. கால் நூற்றாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளிவந்த ஒரு கட்டுரை, பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் செயற்கைக் கையைக் கைவிடுவதாகக் காட்டியது. எடை, சூடு, புண், உணர்வின்மை என்று காரணங்கள் பல. கழற்றி வைத்த கை அலமாரியில் கிடக்கும் காட்சியும் சைபோர்க் கதையில் இடம் பெறத் தகுந்ததே.

சட்டமும் கையை அளந்து வைத்தது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையில் ஒரு கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு, ஒரு கையின் நான்கு விரல்கள் போனால் 50, மணிக்கட்டோடு ஒரு கை போனால் 60, இரண்டு கையும் போனால் 100 என்று இருந்தது. வெட்டு எந்த இடத்தில் விழுந்தது என்பது மருத்துவருக்கு மின்முனை வைக்கும் இடம். குடும்பத்துக்கு அது ரூபாய். ஒரே வெட்டை இந்த இரண்டு அளவுகோலாலும் ஒரே அத்தியாயத்தில் அளந்து காட்டினால், உங்கள் வாசகர் எந்திரத்தை நம்புவார்.

மறுப்புகளும் விடைகளும்

இவ்வளவு வரம்புகள் எதற்கு, அறிவியல் புனைகதை கற்பனைக்குத்தானே என்று கேட்கலாம். கற்பனையைச் சுருக்கச் சொல்லவில்லை. நடக்காத ஒன்றை நம்ப வாசகர் தயாராக இருக்கிறார். அதைச் சுற்றியுள்ளவை உறுதியாக இருந்தால்தான் அந்த நம்பிக்கை நிற்கும். மின்னணுப் பொறியாளராக இருந்த சுஜாதா ஜீனோ என்ற ரோபோ நாயை எழுதியபோது, வாசகர் மனத்தில் தங்கியது அதன் பலம் அன்று, அது மனிதர்களோடு பேசிப் பழகிய விதம். ஒரே ஒரு வரம்பைக் கதைக்காக உடைத்துக்கொள்ளுங்கள். நரம்பு ஒரு நாளில் வளர்கிறது என்று வைத்தாலும் சரி. மற்றவற்றை விட்டுவைத்து, உடைத்ததற்கு ஒரு விலையை யாராவது கொடுக்கச் செய்யுங்கள்.

தொழில்நுட்பம் ஐம்பது ஆண்டில் எங்கோ போய்விடும், இன்றைய குறைகளைச் சொல்லி எதிர்காலக் கதையைக் கட்டிப்போடலாமா என்பது இரண்டாவது மறுப்பு. பேட்டரி சிறுக்கும், மோட்டார் மெலியும், விலை இறங்கும். இவற்றைத் தாராளமாக மாற்றுங்கள். ஆனால் நரம்பு வளரும் வேகமும், தழும்பின் தடிப்பும், இல்லாத கை வலிப்பதும் உடம்புக்குரியவை. அவை பொறியாளரின் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. எந்திரத்தையே ஒதுக்கிவிட்டு இன்னொருவர் கையைப் பொருத்தும் வழியிலும் இதே கணக்குதான். கொச்சியில் 2015இல் இந்தியாவின் முதல் கைமாற்று அறுவை நடந்தது. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்த திண்டுக்கல் பக்கத்துக் கட்டடத் தொழிலாளி ஒருவருக்கு இரண்டு கைகளையும் பொருத்தினார்கள். முன்கையின் நடுவிலிருந்து விரல் நுனி வரை 30 சென்டிமீட்டர் என்றால், நாளுக்கு 1 மில்லிமீட்டர் கணக்கில் உணர்வு நுனியை எட்டப் பத்து மாதம். அதன் பிறகும் உடம்பு அந்தக் கைகளை ஒதுக்கிவிடாமல் இருக்க வாழ்நாள் முழுக்க மருந்து.

சிவகாசிக் கூலித் தொழிலாளிக்கு நரம்பு வழிக் கை எங்கே கிடைக்கப்போகிறது, இதெல்லாம் பணக்கார நாட்டுச் சமாச்சாரம் என்பது மூன்றாவது. இந்த மறுப்புக்குள்ளேயே கதை இருக்கிறது. ஸ்டான்லியில் கை பெற்றவர் செல்வந்தர் இல்லை; அரசு மருத்துவமனைக்குப் போன கட்டடத் தொழிலாளி. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை செயற்கை உறுப்புகளைப் பொருத்துகிறது. 1968இல் ஜெய்ப்பூரில் மருத்துவர் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய கால், சம்மணமிட்டு உட்காரவும் வயலில் நடக்கவும் ஏற்றதாக இருந்ததால் பரவியது. அதை அணிந்துதான் சுதா சந்திரன் மீண்டும் பரதம் ஆடினார். 2022இல் சென்னை ஐஐடியின் சுஜாதா சீனிவாசன் குழு, நம் ஊர் நடைக்கு ஏற்ற ‘கதம்’ என்ற செயற்கை முழங்காலை வெளியிட்டது. இந்த வரிசையின் அடுத்த படியாக, மருந்து அறை வாசலைத் தாண்டக்கூடிய, தீத்தழும்புத் தோலுக்கு ஏற்ற, பெண்ணின் கை அளவில் செய்த ஒரு கை விருதுநகரில் உருவாவதாக எழுதுங்கள். அது நம்பக்கூடிய எதிர்காலம். யார் பணம் கொடுத்தார்கள், பதிலுக்கு என்ன கேட்டார்கள் என்பது உங்கள் கதையின் முடிச்சாகட்டும்.

கடைசி மறுப்புதான் எல்லாவற்றிலும் கனமானது. ஏழைகளின் துயரத்தை எடுத்துக் கேளிக்கையாக்குவது முறையா? துயரத்தை வண்ணமாக மட்டும் பூசினால் முறையில்லை. நடந்த விபத்தில் இறந்தவர்களின், காயம்பட்டவர்களின் அடையாளத்தைக் கதைக்கு எடுக்காதீர்கள். வெடிக்கும் கணத்தை அங்குலம் அங்குலமாக வருணிக்காதீர்கள். அதைத் தாண்டி வந்தவர்கள் அந்த ஊரில் உங்கள் புத்தகத்தைப் படிப்பார்கள். கதாபாத்திரத்துக்கு விபத்துக்கு முன்னால் ஒரு திறமை இருக்கட்டும், ஒரு கருத்து இருக்கட்டும், கையை வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் இருக்கட்டும். அந்த ஊரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவும் வேண்டாம். விளைச்சல் கைவிட்டபோது சோறு போட்ட தொழில் அது என்பதை அங்குள்ளவர்கள் மறப்பதில்லை. மிச்சத்திலிருந்து தொடங்குவது இந்த இடத்தில் நுட்பமாக மட்டும் நில்லாமல் மரியாதையாகவும் ஆகிறது. கையிலிருந்து தொடங்கினால் மனிதர் எந்திரத்தைத் தாங்கும் ஆணியாகிவிடுவார். மிச்சத்திலிருந்து தொடங்கினால் அவர் தன் உடம்போடும் ஊரோடும் கதைக்குள் வருவார்.

பயிற்சி

எந்திரக் கையை வர்ணிக்காமல் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். முன்பு திரி வைக்கும் வேலை பார்த்த, வலக் கை மணிக்கட்டுக்கு மேலே போன ஒரு பெண். கை பொருத்தி நான்கு மாதம். எந்தத் தசை அவளுக்குச் சொன்னபடி கேட்கிறது, எங்கே தோல் எரிகிறது, இல்லாத எந்த விரல் இன்னும் வலிக்கிறது, வீட்டில் யார் அவளுக்குச் சோறு பிசைந்து கொடுக்கிறார்கள், அதை அவள் விரும்புகிறாளா என்று முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விடியற்காலை வாசலுக்கு அவளை அனுப்புங்கள். கோலப்பொடிக் கிண்ணம் அருகில் இருக்கிறது. எந்தக் கையால் அவள் பொடியை எடுக்கிறாள் என்று உங்களுக்குத் தயங்காமல் தெரிந்தால், கதாபாத்திரம் உங்களிடம் வந்துவிட்டது. தெரியவில்லை என்றால் தாளுக்குத் திரும்பிப் போய் இன்னும் சில கேள்விகளைச் சேருங்கள்.